மலை நமக்கு என்ன முறை?

காமுத்தாய் அழ ஆரம்பித்தால் பாறைக்கே கண் கலங்கும் என்று போடியில் சொல்வார்கள். வெறும் புகழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். பாறை கலங்கியதற்கு அரசாங்க முத்திரை வைத்த அத்தாட்சி அவளிடம் கட்டுக்கட்டாக இருந்தது.

அன்று காலையிலும் அவள் ஏழுசுனை மலையடிவாரத்தில், வனச்சாவடியை ஒட்டிய கண்ணாடி அறைக்குள், பீரோ உயரத்துக்கு நின்ற ஒரு பெட்டிக்கு எதிரே நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"தாயே! ஏழு சுனையும் ஏழு முலையா இருந்து எங்களுக்குப் பாலூட்டுற மலையரசியே! உன் மடியில கெடக்குற பிள்ளைக நாங்க. பிள்ளைக்குத் தாகம்னா தாய் கணக்குப் பாப்பாளா? ஒரு வாய்த் தண்ணி தாயே…"

கடைசி 'தாயே'வில் குரல் லேசாக உடைந்தது. அதிகம் உடைந்தால் நடிப்பாகிவிடும். உடையாவிட்டால் வியாபாரமாகிவிடும். இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் அவளுடைய பிழைப்பு.

பெட்டி சற்று முனகியது. பிறகு வானொலிச் செய்தி வாசிப்பவர் குரலில் சொன்னது: "கோரிக்கை, நீச்சல்குளத்துக்குச் சுனைநீர், தினம் இரண்டு லாரி. மலை இசைகிறது." பச்சை விளக்கு எரிந்தது.

பின்னால் நின்ற விடுதி முதலாளி குணாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் கேட்டார். "ஏம்மா, நெசமாவே மலைதான் பேசுதா?"

"கோர்ட்டு சொல்லிருச்சுல்ல, மலையும் ஒரு ஆளுன்னு. ஆளுன்னா கேக்காம ஒரு இலை கிள்ளக் கூடாது. கேட்டா பதில் சொல்ல வாய் வேணும். அந்த வாய்தான் பெட்டி. மரத்து வேருல, பாறை இடுக்குல, சுனைக்குள்ளன்னு மலை பூராம் ஊசி ஊசியாச் செருகி வச்சிருக்காய்ங்க. அது மலையோட ஒடம்பப் பாக்கும். இந்தா, பெட்டியில இருக்குற காது நாம கேக்குற பதவிசப் பாக்கும். ரெண்டையும் சேத்து முடிவு சொல்லும்."

"ரெண்டுல எது பெருசு?"

காமுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "ஒடம்பா பெருசு? ஒங்க குளத்துக்கு நான் ஏன் அழுதேன்னு நெனைக்கிறீக?"

அவள் ஏலக்காய் மண்டியில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா ஒரு கைப்பிடி ஏலத்தை உள்ளங்கையில் வைத்து ஊதி, "இதெல்லாம் ஒரு காயா? மாடு கூட மோந்து பாக்காது" என்று முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்பிலேயே விலை பாதி இறங்கிவிடும். அவரே விற்கப் போகும்போது அதே காயைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆளுக்கேற்ற முகம் என்பது அந்த வீட்டில் சோறு மாதிரி. பெட்டி வந்த புதிதில் வக்கீல்கள் சட்டம் பேசிச் சிவப்பு விளக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது சட்டத்துக்கு மசியாது, குழைவுக்குத்தான் மசியும் என்று முதலில் கண்டுபிடித்தவள் காமுத்தாய். அன்றிலிருந்து அவள் வேண்டுதல் தரகர்.

சாவடிக்கு வெளியே புங்கமரத்தடியில் மூன்று பேர் நின்று கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, இருபது இருபத்திரண்டு வயதுப் பெண், நேராக வந்து கேட்டாள்.

"அக்கா, எங்களுக்கும் ஒரு அழுகை அழுவீகளா?"

அவள் பெயர் நாகு. மலைமேல் ஏழுசுனைக் குடியைச் சேர்ந்தவள். கூட நின்ற தாட்டியான ஆள் அவளுடைய அண்ணன் மொக்கையன். ஒதுங்கி நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒல்லிக்குச்சி செங்கான், அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவன்.

"என்னா காரியம்?"

"கல்யாணக் காரியம். எங்க வழக்கத்துல வைகாசி மாசம் மாப்பிள்ளை தேன்பாறையில கயிறு கட்டி எறங்கணும். கயித்த பொண்ணோட அண்ணன் பிடிக்கணும். அது ஆகாம தாலி கிடையாது. பெட்டி பச்சை காட்டாம பாறைக்குப் போனா வனத்துக்காரவுக பிடிச்சுப் போட்டுருவாக. மூணு வைகாசி போச்சு. மூணு தடவையும் செவப்பு."

மொக்கையன் குறுக்கே புகுந்தான். "கட்டுனதுக்கப்புறம்னா கயித்தப் பிடிக்கிறவன் தங்கச்சி தாலிக்குப் பயந்து பிடிப்பான். கட்டுறதுக்கு முந்தி அந்தப் பயம் கிடையாதுல்ல? அதான் சோதனையே. அவன் என்னைய நம்பணும். நான் அவனைச் சகிச்சுக்கணும்."

"திருட்டுத்தனமா ஒரு நாள் போயி எறங்கிட்டு வந்துர வேண்டியதுதான?" என்றாள் காமுத்தாய்.

செங்கான் அப்போதுதான் தலையை நிமிர்த்தினான். "சம்பந்தி வீட்டுக்குக் கொல்லைப்புறமாப் போறது மாப்பிள்ளைக்கு அழகா?"

"இந்த வைகாசியும் போச்சுன்னா நான் திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போறேன்," என்றாள் நாகு. "போனா திரும்ப மாட்டேன். இவருக்கும் தெரியும்." அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். செங்கான் மறுபடி தரையைப் பார்த்தான்.

"கூலி?"

"அண்ணன் வள்ளிக்கெழங்கு தோண்டித் தருவான்."

"எனக்கு வாயுத் தொல்லை தாயி," என்றாள் காமுத்தாய். ஆனாலும் உள்ளே திரும்பினாள். மூன்று தடவை சிவப்பு விழுந்த சரக்கு என்றதும் அவளுக்குக் கை அரித்தது. "எங்க, வழக்கமா எப்பிடிக் கேக்குறீகன்னு கேட்டுக் காட்டு பாப்போம்."

செங்கான் பெட்டிக்கு முன்னால் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். அடுத்த நொடி அந்த ஒல்லிக்குச்சியிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"ஏய் தேன்பாறைக் கொழுந்தியாளுகளா! என்னாடி, வருசம் பூராத் தின்னு தின்னு ஊதிப் போயிக் கெடக்கீகளாமே? அந்தப் பூசணிக்கா இடுப்ப வச்சுக்கிட்டு எப்பிடிடி பறக்குறீக? அத்தான் வந்திருக்கேன், கதவத் தொறங்கடி! குடுத்தா வாங்கிக்குவேன். குடுக்காட்டி ஒங்க அக்காகிட்டச் சொல்லிச் சூடு வைக்கச் சொல்லுவேன்!"

பெட்டி அதிர்ச்சியில் சற்று நேரம் முனகவே இல்லை. பிறகு சொன்னது: "மிரட்டல். அவமதிப்பு. உடல் தோற்றம் குறித்த இழிமொழி. மலை இசையவில்லை."

சிவப்பு.

காமுத்தாய் சுவரில் சாய்ந்துகொண்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். "அடேய், பொண்ணு கேக்க வந்தவன் இப்பிடியாடா பேசுவான்?"

"பின்ன எப்பிடிப் பேசுறது?" நாகுவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "மலையோட மூத்த மகளைத்தான் எங்க மொதப் பாட்டன் கட்டுனாரு. தேனீக அவளோட தங்கச்சிக. கொழுந்தியாகிட்டக் கேலி பேசாம, கும்பிட்டுக்கிட்டா நிப்பாக?"

"நகரு, நகரு." காமுத்தாய் புடவையைச் சரிசெய்துகொண்டு பெட்டிக்கு எதிரே வந்தாள். தாயே என்றாள். மடி என்றாள். ஏழைப் பிள்ளைகளின் கல்யாணம் இனிக்க ஒரு சொட்டுத் தேன் என்றாள். தன் குரலில் தானே கொஞ்சம் மயங்கவும் செய்தாள். பச்சை எரிந்தது.

"ஆச்சுப்பா. வைகாசியில போயி எறங்கு. கெழங்க நாளைக்குக் குடு."

யாரும் நகரவில்லை.

"என்னா?"

"இல்லக்கா," என்றான் செங்கான். "கேட்டது நீங்க. சரின்னது ஒங்களுக்கு. எனக்காக நீங்க போயித் தாலி கட்டிட்டு வந்தா அது எனக்குக் கல்யாணம் ஆகுமா?"

காமுத்தாய்க்குச் சுருக்கென்றது. அவள் வாங்கிக் கொடுத்த பச்சையை இதுவரை யாரும் சொத்தைக் கத்தரிக்காய் மாதிரித் திருப்பிக் கொடுத்தது கிடையாது. "சரி, நீயே கேளு. நான் சொல்லித் தர்றேன். தாயே… சொல்லு. தா-யே."

செங்கான் வாயைத் திறந்தான். மூடினான். சூடான கிழங்கை வாயில் போட்டவன் மாதிரித் தவித்தான். "கொழுந்தியாள எப்பிடிக்கா தாயேங்கிறது? நாக்கு வெந்துரும்."

"சும்மா ஒரு வார்த்தைதானடா!"

"சும்மா இல்லக்கா." இப்போது நாகு பேசினாள். "தாய்னா கேக்காமயே எடுத்துத் திங்கலாம். பானையத் தொறந்து வழிச்சு நக்கலாம். திருப்பித் தரவும் வேணாம். அதான் கீழ இருக்குற நீங்க எல்லாரும் மலையத் தாயே தாயேங்குறீக. சம்பந்தி வீடுன்னா அப்பிடியா? ஒரு சொம்புத் தண்ணி குடிச்சாலும் நெனப்பு வச்சுத் திருப்பிச் செய்யணும். போன ஒடனே சௌக்கியமான்னு கேக்கணும். அவுக இல்லைன்னு சொன்னா மூஞ்சியச் சுளிக்காம எந்திரிச்சு வரணும். நாங்க இந்த மலைக்குப் பிள்ளைக இல்லக்கா. கட்டுனவுக."

மூன்று பேரும் மலையேறிப் போய்விட்டார்கள். காமுத்தாய் அங்கேயே நின்றாள்.

அவளுக்கு ஒரு தம்பி உண்டு. 'ஆத்தா' என்று சொல்லாமல் அவனால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. ஆத்தா சாப்பிட்டியா, ஆத்தா ஒரு கையெழுத்துப் போடு, ஆத்தா அந்தச் சங்கிலியக் கழட்டு. அப்படி ஆத்தா ஆத்தா என்றே வீடு, மண்டி, அடுப்படி அம்மிக்கல் வரைக்கும் கொண்டுபோய்விட்டான். கடைசிக் காலத்தில் ஆத்தாவுக்குக் கஞ்சி ஊற்றியது காமுத்தாயின் மாமியார், அதுவும் நாளுக்கு நாலு வசவோடு. அந்த மாமியாரும் ஆத்தாவும் முப்பது வருஷம் ஒருத்தரையொருத்தர் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தீபாவளிக்குக் கூடச் சீர் தவறியதில்லை.

மறுநாள் பஸ் நிலையத்து டீக்கடையில் அவள் இளம்பரிதியைப் பிடித்தாள். பெட்டியைப் பராமரிக்கச் சென்னையிலிருந்து அனுப்பப்பட்ட பொறியாளர். காரமான எதையும் தாங்காத பையன்.

"தம்பி, ஒரு சந்தேகம். தாயேன்னு அழுதா பச்சை, சம்பந்தி மொறையில கேலி பேசுனா செவப்பு. மலைக்கு எது மரியாதை, எது அவமரியாதைன்னு பெட்டிக்கு யாரு சொல்லிக் குடுத்தது? மலையா?"

"மலை எப்படிக்கா சொல்லும்? மக்கள் பேசின பேச்சைத்தான் கொடுத்தோம். கோயில் பாட்டு, மேடைப் பேச்சு, பள்ளிக்கூடக் கட்டுரை. இயற்கைன்னாலே தொண்ணூறு சதவீதம் 'தாயே'தான். அதையே மரியாதைன்னு எடுத்துக்கிச்சு."

"அப்ப அந்த ஊசிக?"

இளம்பரிதி வடையைப் பிட்டு ஊதினான். "அதுவும் கணக்குல இருக்கு. ஆனா தாய்ங்கிற பேச்சுல எங்கயுமே 'உனக்கு முடியுமா'ன்னு கேள்வி வராது. தாய்க்கு எப்பவும் முடியும். அதனால ஊசி சொல்றதைப் பெட்டி பெரிசா எடுக்கறதில்ல."

"மாத்த முடியாதா?"

"மேலிடத்துக்கு எழுதினா மூணு வருஷம் ஆகும். ஆனா அது தானாவும் கத்துக்குது. வாராவாரம், பச்சை விழுந்த பேச்சை எடுத்து, இதுதான் நல்ல பேச்சுன்னு மனசுல ஏத்திக்கும்."

காமுத்தாய் டம்ளரைக் கீழே வைத்தாள். "பச்சை விழுந்த பேச்சு முக்காவாசி யாரோடது?"

பையன் யோசித்தான். முகம் மாறியது. "உங்களோடதுதான்க்கா. வேண்டாம்க்கா. அதுக்குச் சம்பந்தி புத்தி வந்துட்டா முதல்ல போறது உங்க தொழில்."

"நான் என்னா செய்யப் போறேன்னு ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"உங்க கண்ணைப் பார்த்தா தெரியுதுக்கா."

மிளகில் பப்பாளி விதை கலப்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே நாளில் கால்வாசி கலந்தால் மாட்டிக்கொள்வோம். வாரம் ஒரு சிட்டிகை என்று ஏற்றினால், கடைசியில் சுத்தமான மிளகைக் கொடுத்தாலும் வாங்குகிறவன் முகர்ந்து பார்த்துவிட்டு வாசனை போதவில்லை என்பான். காமுத்தாயின் குடும்பத்தில் யாரும் இதைச் செய்ததில்லை. ஆனால் எப்படிச் செய்வது என்று எல்லாருக்கும் தெரியும்.

தை மாதம் ஒரு சிட்டிகை. "தாயே, கல்மனசுக்காரியே" என்றாள். பச்சை விழுந்தது. அடுத்த வாரம், "தாயே, சௌக்கியமா? பாத்தா இளைச்சாப்புல தெரியுதே" என்றாள். அதற்கும் பச்சை. மாசியில் தாய் மெல்ல அத்தையானாள். "அத்தைக்கு எம்மேல என்னா கோவம், ஒரு வாரமா மழைய அடைச்சு வச்சிருக்கீக?" என்று அவள் கேட்டபோது, மரப்பட்டைக்கு அனுமதி கேட்க வந்திருந்த மருந்துக் கம்பெனிக்காரர் பதறிப்போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சும்மா இருங்க, பச்சை வருதா இல்லையான்னு மட்டும் பாருங்க," என்று அதட்டினாள். வந்தது. பங்குனியில் தாய் என்ற சொல்லே பேச்சில் இல்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னா சம்பந்தியம்மா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீக! ஒங்க வீட்டுத் தண்ணி என்ன அமிர்தமா, இம்புட்டுப் பிகு?" என்று அவள் போட்ட போடில் கண்ணாடி அறையே அதிர்ந்தது. பெட்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு பச்சை காட்டியது. முனகலில் ஒரு சிரிப்பு கலந்திருந்ததுபோல அவளுக்குப் பட்டது.

சித்திரையில் ஒரு நாள் பெட்டி தானாகப் பேச்சைத் தொடங்கியது.

குணாளன் இன்னொரு குளம் வெட்டியிருந்தார். இன்னும் இரண்டு லாரி வேண்டும் என்றார். காமுத்தாய் வாயைத் திறப்பதற்குள், செய்தி வாசிப்பவர் குரல் காணாமல் போய், வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையின் குரல் வந்தது.

"வாங்க. வெறுங்கைய வீசிக்கிட்டு வந்திருக்கீகளாக்கும்?"

குணாளன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"ஒங்களத்தான். தை மாசத்துல இருந்து தெனம் ரெண்டு லாரி கொண்டுட்டுப் போறீக. எங்க வீட்ல ஏழு சுனையில ரெண்டு வத்திக் கெடக்கு. ஒரு வார்த்தை, எப்பிடி இருக்கீகன்னு கேட்டீகளா? ஒரு கன்னு வச்சீகளா, ஒரு தடுப்புக் கட்டுனீகளா? என்னா சீர் செஞ்சீக எங்களுக்கு?"

"அம்மா, நான் வந்து… சுற்றுலா வளர்ச்சி…"

"ஆத்தி, பேச்சப் பாரு!" என்றது பெட்டி. சிவப்பு.

காமுத்தாய் பழைய ஆயுதத்தை எடுத்தாள். முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். "தாயே, உன் பிள்ளைக…"

"அழுகை நல்லாருக்கு," என்றது பெட்டி. "தண்ணி இல்ல."

அன்று சாயங்காலம் இளம்பரிதி அவளைத் தேடி வந்தான். "சொன்னேன்ல? சம்பந்திப் பேச்சுல நலம் விசாரிக்கறதுதான் முதல்ல வருது. அதனால அது ஊசி சொல்றதையெல்லாம் ஒண்ணுவிடாம எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சிடுச்சு. இப்பதான்க்கா அது நெசமாவே மலையைப் பார்க்குது."

அவளுடைய தொழில் வைகாசி பிறப்பதற்குள் படுத்துவிட்டது. வாடிக்கையாளர்கள் நேரே பெட்டியிடம் போய் வசவு வாங்கி, வாயை மூடிக்கொண்டு கன்று நட்டு, ஓடைக்குக் கல்லடுக்கி, மறுபடி வந்து கெஞ்சினார்கள். தரகருக்கு அங்கே வேலை இல்லை. வாசலில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொள்வாள். நடுவில், தன்னை மீறி, உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். எவ்வளவு கெட்டியான ஆளை உருவாக்கிவிட்டிருக்கிறாள்! அப்பா இருந்திருந்தால் அந்தப் பெட்டியோடு பேரம் பேசவே தினம் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியிருப்பார்.

வைகாசியில் பாதி போன பிறகு அந்த மூன்று பேரும் இறங்கி வந்தார்கள். நாகுவின் தோளில் ஒரு துணிப்பை இருந்தது. திருப்பூர் பஸ்ஸுக்கும் ஆயத்தமாகத்தான் வந்திருக்கிறாள் என்று காமுத்தாய்க்குப் புரிந்தது. செங்கானுக்கும் புரிந்திருக்கும். பையைப் பார்க்காமல் நடந்தான்.

அவன் பெட்டிக்கு முன்னால் நின்று அதே கேலியை, அதே பூசணிக்காயை, அதே சூட்டை, ஒரு சொல் குறைக்காமல் எடுத்து வீசினான்.

பெட்டி முனகியது. வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டது. மண்டியில் காமுத்தாய் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறாள். அங்கே ஒன்று போனால் இன்னொன்று வரும்.

"இந்தக் குச்சியக் கட்டி எறக்குறதுக்குக் கயிறு எதுக்கு? நூல் போதாதா?" என்றது பெட்டி. "போயி அவளுகளையே கேட்டுக்கங்க. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

பச்சை.

மொக்கையன் விட்ட கூச்சலில் சாவடிக் குரங்குகள் மரம் மாறின. காமுத்தாயும் அவர்களோடு மலையேறினாள். தன் சரக்கு ஒழுங்காக வீடு போய்ச் சேர்கிறதா என்று பார்க்க வேண்டாமா? நாலு இடத்தில் உட்கார்ந்தாள், ஆறு இடத்தில் மலையைத் திட்டினாள். இப்போது அது முறைப்படிதான் என்ற தைரியம்.

தேன்பாறை ஒரு செங்குத்துச் சுவர். அதன் நெற்றியில் கறுப்பு மெத்தைகள் மாதிரி ஏழெட்டுத் தேனடைகள் தொங்கின. மொக்கையன் உச்சியில் மரத்தில் கயிற்றைச் சுற்றி, காலை ஊன்றிப் பிடித்தான். நாகுவும் காமுத்தாயும் பக்கத்துப் பாறையில் நின்றார்கள். செங்கான் இடுப்பில் ஒரு மூங்கில் குடுவையோடு இறங்கினான். அடைகளுக்கு ஒரு பனை தூரத்தில் தொங்கியபடி கூவினான்.

"ஏய், அத்தான் வந்திருக்கேன்!"

அடையின்மேல் ஒரு நெளிவு ஓடியது. ஆயிரம் தேனீக்கள் ஒரே சமயத்தில் வாலைத் தூக்கி இறக்கிய அலை. அவன் அசையாமல் தொங்கினான். மறுபடி கூவினான், இந்த முறை கொஞ்சம் கொஞ்சலாக. மறுபடி அலை, முன்னைவிட வேகமாக. பத்திருபது தேனீக்கள் கிளம்பி வந்து அவன் முகத்தைச் சுற்றின. அவன் ஏதோ முணுமுணுத்தான். பிறகு கையை உயர்த்திக் காட்டினான். மொக்கையன் இழுக்க, மேலே வந்தான். குடுவை காலி.

"என்னாப்பா?" காமுத்தாய் பதறிக்கொண்டு ஓடினாள்.

"வேணாங்கறாளுக. உள்ள குஞ்சு நெறைய இருக்குபோல."

"பெட்டி சரின்னுச்சேடா!"

"அது வாசல்ல உக்காந்திருக்குற பெரிய மனுசங்க மாதிரிக்கா. உள்ள போங்கன்னு சொல்லும். உள்ள இருக்குறவளுகதான் குடுக்கணும்."

"இன்னொருக்கா கேளுடா! பாதி அடை கேளு. கால்வாசி! ஒரு நக்கு நக்குறதுக்குக் கேளு! அஞ்சு மாசம்டா, என் தொழிலையே கொண்டாந்து இதுல கொட்டியிருக்கேன்…" அவளுக்கு நிஜமாகவே கண் கலங்கியது. நடிக்காமல் அழுவது எப்படி என்று மறந்துபோயிருந்ததால் மூக்கிலும் வாயிலும் எக்குத்தப்பாக வந்தது. நாகுவின் தோள் பையைப் பார்த்தாள். "தாயி, அவசரப்பட்டு பஸ் ஏறிராத…"

மொக்கையன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "வர்ற வெள்ளிக்கிழமை நல்லாருக்கு. வச்சுக்கலாம்," என்றான்.

"எதை?"

"கல்யாணத்தை."

நாகு தோளிலிருந்த பையை இறக்கிப் பாறைமேல் வைத்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "அக்கா, தேனு எடுத்துட்டு வரணும்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?" என்றாள். "எறங்கணும்னுதான நாங்க சொன்னோம். எறங்கி, கேட்டு, இல்லைன்னா இல்லைன்னு எடுத்துக்கிட்டுத் திரும்பி வர்றவனுக்குத்தான் எங்க குடியில பொண்ணு."

"அப்ப தேனோட வந்தா?"

"அடுத்த வருசமும் எறங்கணும். அதுக்கடுத்த வருசமும். எங்க அப்பாவுக்குக் கொழுந்தியாளுக நாலு வருசம் குடுத்துக்கிட்டே இருந்தாளுக. பாவம், அழுதே போனாராம். குடுத்தா வாங்கிக்கத் தெரிஞ்சவன் ஊரெல்லாம் இருக்கான். வேணாம்னு சொன்னா கேக்கத் தெரிஞ்சவனான்னு கட்டிக்கப் போறவளுக்குத் தெரிய வேணாமா?"

காமுத்தாய் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சீறினாள். "அடிப் பாவி! மூணு வருசமா அந்தப் பெட்டி வேணாம் வேணாம்னுதானேடி சொல்லிக்கிட்டு இருந்துச்சு?"

"அது வேணாம்னு சொல்லலக்கா. ஆளு யாருன்னு பாக்காமயே கதவ அறைஞ்சு சாத்துச்சு. அவளுக இவரைப் பாத்துச் சொல்லியிருக்காளுகள்ல?"

செங்கான் ஒரு கன்னம் வீங்க ஆரம்பித்திருந்த முகத்தோடு, உலகத்திலேயே பெரிய சீதனம் வாங்கியவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். 'வேண்டாம்' என்ற சொல்லைக் காமுத்தாய் பிறந்ததிலிருந்து பேரத்தின் முதல் வார்த்தையாகத்தான் கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு யாரும் மலையிறங்கிப் போய் விருந்து வைத்ததை அவள் பார்த்ததில்லை.

"வெள்ளிக்கெழமை நான் யாரு வீட்டு ஆளா வர்றது?" என்று கேட்டாள்.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "மலைக்குப் பேசக் கத்துக் குடுத்தவுக நீங்க. மலை வீட்டுப் பக்கம் உக்காருங்க," என்றான் மொக்கையன். "ஆனா அந்தப் பக்கத்து ஆளுன்னா சீர் வைக்கணும். ஒரு செம்பு அண்டா. ஊருக்குக் கெழங்கு அவிக்கிற மாதிரி."

"அண்டாவா? இந்தக் காலத்துல எவன்டா செம்புல அண்டா வைக்கிறான்? சின்னதா ஒரு குண்டான் பாக்குறேன். பித்தளை. பளபளன்னு இருக்கும்."

"அண்டா," என்றாள் நாகு.

"குண்டானும் ரெண்டு கரண்டியும்."

"இல்லக்கா. முடியாது."

காமுத்தாய் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள். நாக்கு நுனியில் மூன்று கரண்டியும் ஒரு மூடியும் தயாராக நின்றன. நாகுவின் முகத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சரி," என்றாள்.